மணலிலும் காட்டுப்பாதையிலும் கொதிக்கும் ஜீப்: மேலதிக மின்விசிறி எப்போது உதவும்?

மணற்காட்டிலோ முல்லைத்தீவுக் கரையோரத்திலோ மணலுக்குள் இறங்கிய பழைய ஜீப் ஒன்று, முதலாம் கியரில் முனகியபடி அரைக் கிலோமீற்றர் போவதற்குள் வெப்பமானியின் முள் சிவப்பை எட்டிவிடுகிறது. அதே ஜீப்பை ஏ9 வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினால் முள் நடுவிலேயே நிற்கிறது. உட்பாதைகளில் வாகனம் ஓட்டுபவர்கள் பலருக்கு இது பழகிப்போன கதை. கராஜுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை, "முன்னுக்கு ஒரு கரண்ட் ஃபான் பூட்டுங்கோ" என்பதுதான். சில வாகனங்களுக்கு அது சரியான மருந்து. வேறு சிலவற்றுக்கு வீண்செலவு. எந்த வாகனத்துக்கு அது தேவை, பூட்டுவதானால் எப்படிப் பூட்டவேண்டும் என்பவற்றை இங்கே பார்க்கலாம்.

வெளிநாடுகளில் காட்டுப்பாதை ஓட்டம் ஒரு பொழுதுபோக்கு. வன்னியில் அது பிழைப்பு. பிரதான வீதியிலிருந்து பல கிலோமீற்றர் உள்ளே, கிரவல்கூட ஒழுங்காகப் போடப்படாத பாதைகளின் முடிவில் மீள்குடியேறிய கிராமங்கள் இருக்கின்றன. அங்கிருந்து நெல்மூடை, மீன், விறகு, சில வேளைகளில் நோயாளி என எல்லாவற்றையும் ஏற்றிவருபவை பழைய லான்ட் றோவர்களும் மகிந்திரா பொலேரோக்களும் ஜப்பானிய டீசல் பிக்கப்களும்தான். கண்ணிவெடி அகற்றும் களங்களில் நாள்முழுவதும் தயார் நிலையில் நிற்கும் அம்புலன்ஸ் வாகனத்துக்கும் இதே பிரச்சினை உண்டு. தனியார் பாவனைக்கான வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. இருப்பதைக் காப்பாற்றி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. லீசிங் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, ஒருமுறை கொதித்து ஹெட் கஸ்கெற் போவதென்றால் திருத்தச் செலவோடு அறுவடைக் காலத்து ஹயர் வருமானமும் போய்விடும்.

வெப்பம் எங்கே போகிறது?

எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் சில்லைச் சுழற்றும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாயால் வெளியேறும். மீதி, குளிரூட்டும் நீருக்குள் இறங்கி, றேடியேற்றர் வழியாகக் காற்றுக்குப் போகவேண்டும். றேடியேற்றரின் வேலை தண்ணீரின் சூட்டைக் காற்றிடம் ஒப்படைப்பதுதான். அதற்கு அதன் ஊடாகக் காற்று ஓடவேண்டும். ஓடும் காற்றும் தண்ணீரைவிடப் போதிய அளவு குளிர்ந்திருக்கவேண்டும்.

இரண்டாவது நிபந்தனையில் நாங்கள் ஏற்கெனவே தோற்றவர்கள். லான்ட் றோவர் 1948 முதல் இங்கிலாந்தின் சொலிஹல் நகரில் செய்யப்பட்ட வாகனம். அங்கே வெளிக்காற்று 20 பாகை செல்சியஸ், தண்ணீர் 95 பாகை என்றால் வித்தியாசம் 75 பாகை. மன்னாரிலோ வவுனியாவிலோ 35 பாகை வெயிலில் அந்த வித்தியாசம் 60 பாகைதான். அதே றேடியேற்றர், அதே காற்றோட்டம், ஆனால் வெளியேறும் வெப்பம் ஐந்திலொரு பங்கு குறைவு. ஏசி பூட்டிய வாகனமென்றால், றேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் கொன்டென்சர் அந்தக் காற்றை இன்னும் சூடாக்கியே உள்ளே அனுப்புகிறது.

முதலாவது நிபந்தனை காற்றோட்டம். வாகனம் 50 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓடும்போது முன்னால் அடிக்கும் காற்றே பெரும்பாலும் போதும்; விசிறிக்கு வேலை குறைவு. மணலில் 5 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும்போது முன்காற்று கிடையாது. ஆனால் எஞ்சின் முழுப் பாரத்தில் வேலை செய்கிறது. அப்போது காற்றை இழுத்துத்தரவேண்டியது விசிறி மட்டும்தான். பழைய வாகனங்களில் அந்த விசிறி எஞ்சினோடு பெல்ற்றால் இணைந்தது; எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாகத் தருவதே அதன் பிறவிக் குறை. மின்விசிறிக்கு இந்தக் குறை இல்லை. எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றினாலும் அது தன் முழு வேகத்தில் சுற்றும்.

உழவு இயந்திரத்துக்கு ஏன் யாரும் மின்விசிறி பூட்டுவதில்லை என்று கேட்கலாம். மாஸி ஃபெர்குசன் வயலில் ஊர்ந்துதான் போகிறது. ஆனாலும் உழும்போது அதன் எஞ்சின் ஒரே சீரான உயர் சுழற்சியில் ஓடுகிறது. பெல்ற் விசிறியும் அதே சீரில் சுற்றுகிறது. வைக்கோல் தூசு அடைக்காத வரை அது போதும். பழைய வகை இருசில்லு லான்ட் மாஸ்ரர்களில் தண்ணீர்த் தொட்டி திறந்தபடியே இருக்கும்; அது கொதித்து ஆவியாகியே எஞ்சினைக் குளிர்விக்கும்படி அமைக்கப்பட்டது. அதில் ஆவி பறப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, தண்ணீர் குறையாமல் விட்டால் போதும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

செலவு செய்வதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேவை: வாகனம் எப்போது சூடாகிறது?

மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் சூடாகி, வீதியில் ஏறி வேகமெடுத்ததும் முள் இறங்கினால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. அத்தகைய வாகனத்துக்கு மின்விசிறி உதவும். மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, வேகமாக ஓடும்போதோ பாரத்தோடு ஏற்றம் ஏறும்போதோ சூடானால் குறை தண்ணீரோட்டத்தில் இருக்கிறது. றேடியேற்றர் குழாய்கள் அடைத்திருக்கலாம், வோட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பளியலாம். இதற்கு எத்தனை விசிறி பூட்டினாலும் பயனில்லை. எந்த வேகத்திலும் சூடாகிறது, தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கஸ்கெற்றைச் சந்தேகிக்கவேண்டும்.

காற்றோட்டக் குறை என்று தெரிந்தாலும் உடனே விசிறி வாங்க ஓடவேண்டாம். ஏற்கெனவே இருக்கும் விசிறி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல டீசல் ஜீப்களில் இருப்பது விஸ்கோஸ் வகை. அதன் நடுவிலுள்ள வட்டப் பெட்டிக்குள் சிலிக்கன் எண்ணெய் இருக்கும். றேடியேற்றரைத் தாண்டிவரும் காற்று சூடானால் முன்னாலுள்ள உலோகச் சுருள் விரிந்து எண்ணெயை உள்ளே விடும். விசிறி எஞ்சினோடு பிடித்துக்கொள்ளும். எண்ணெய் கசிந்துபோனால் அது பிடிக்காது. எஞ்சின் நன்றாகச் சூடானபின் நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கையில் கனமான எதிர்ப்புத் தெரியவேண்டும். தடையின்றிப் பல சுற்றுச் சுற்றினால் அந்தப் பெட்டிதான் பழுது. அதை மாற்றுவது மேலதிக விசிறி பூட்டுவதைவிட நல்ல பலன் தரும். எஞ்சின் ஓடும்போது இதைச் சோதிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கைவிரல் போனவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது விசிறியைச் சுற்றியுள்ள கூடு. பெல்ற் மாற்ற இடைஞ்சலென்று கழற்றி, பிறகு பூட்டாமல் விட்ட வாகனங்கள் ஏராளம். கூடு இல்லாத விசிறி, றேடியேற்றரின் ஊடாகக் காற்றை இழுப்பதை விட்டுவிட்டு, பக்கங்களிலுள்ள சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். தகரத்தில் ஒரு கூடு வெட்டி வளைத்துப் பூட்டுவது எந்த வெல்டிங் கடையிலும் முடியும் வேலை. இறக்கையின் நுனிக்கும் கூட்டுக்கும் இடையே ஒரு பெருவிரல் அகலம், அதாவது 20 முதல் 25 மில்லிமீற்றர் வரை இருந்தால் போதும். அதைவிடக் கிட்ட வைத்தால், பள்ளத்தில் விழும்போது எஞ்சின் ஆடி இறக்கை உரசும்.

பிறகு தூசு. பெரும்போக அறுவடைக்குப் பின் ஒரு ஜீப்பின் றேடியேற்றரைக் கழற்றினால், கொன்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடையில் வைக்கோலும் புல்விதையும் மெத்தை போல் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான நீரில் கழுவவேண்டும். சேவிஸ் நிலையத்தின் உயர் அழுத்தக் குழாயைக் கிட்டப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

கிணற்றுத் தண்ணீர்

இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பகுதியில் எஞ்சின்கள் கொதிப்பதற்கு விசிறியைவிடப் பெரிய காரணம் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். கிணற்றுநீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிப்பதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதே படிவு றேடியேற்றரின் குழாய்களிலும் எஞ்சினின் உட்சுவரிலும் பிடிக்கிறது. செப்போடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் நூறிலொரு பங்கும் இல்லை. ஒரு மில்லிமீற்றர் படிந்தாலே றேடியேற்றர் போர்வை போர்த்தது போலாகிவிடும். வன்னியின் பல குழாய்க்கிணறுகளிலும் கடினநீர்தான். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. அது அலுமினியத்தை அரிக்கும்.

எனவே றேடியேற்றருக்குக் கிணற்றுநீர் வேண்டாம். பற்றரிக்கு விடும் வடிநீரும் கூலன்றும் சரிபாதியாகக் கலந்து விடுவதே முறை. கூலன்ற் உறைபனிக்கு மட்டுமானது, நமக்கு எதற்கு என்ற பேச்சு உண்டு. அதிலுள்ள கிளைக்கோல் கொதிநிலையையும் உயர்த்துகிறது; அதோடு சேர்ந்துள்ள மருந்துகள் துருவைத் தடுக்கின்றன. வாங்க வசதியில்லாவிட்டால் சுத்தமாகப் பிடித்த மழைநீர் கிணற்றுநீரைவிட எவ்வளவோ மேல். கூரையைக் கழுவிவரும் முதல் மழையை விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடியுங்கள். இன்னொன்று: கூலன்ற் இனிப்பாக இருக்கும், நஞ்சு. வடித்த கூலன்றை முற்றத்தில் வாளியில் வைத்துவிட்டுப் போனால் நாயோ குழந்தையோ குடித்துவிடலாம்.

றேடியேற்றர் மூடியும் ஒரு பாகம்தான், வெறும் மூடி என்று எண்ணவேண்டாம். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி, வெறும் தண்ணீரின் கொதிநிலையை 100 பாகையிலிருந்து 118 பாகை வரை உயர்த்துகிறது. அதன் றப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு அவ்வளவும் போய்விடும். விசிறியின் விலையோடு பார்த்தால் மூடியின் விலை ஒன்றுமில்லை.

தெர்மோஸ்ரற் வால்வைக் கழற்றி எறிவதும் நம் கராஜ்களில் பரவலான வழக்கம். நான் இதற்கு முற்றிலும் எதிர். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் யாழ்ப்பாணத்தின் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்திருக்கமாட்டோம். கொஞ்சம் பெற்றோலில் எஞ்சினைச் சூடாக்கியபின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது ஒழுங்காக ஆவியாகாது. ஒக்ரேன் குறைவான எண்ணெய் என்பதால் எஞ்சின் தட்டும். தட்டினால் அளவுக்கு மீறிச் சூடேறும். சூடு குறையவும் கூடாது, கூடவும் கூடாது என்பதை அன்றைய மெக்கானிக்குகள் காதால் கேட்டே அறிந்திருந்தார்கள். அந்த அளவைப் பிடித்து வைத்திருப்பதுதான் தெர்மோஸ்ரற்றின் வேலை. அதைக் கழற்றினால் எஞ்சின் தேவையான சூட்டை எட்டாமல் தேயும். எரிபொருளும் கூடச் செலவாகும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்ரற்றின் அடித்தட்டு குறுக்குவழிக் குழாயை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீரின் ஒரு பகுதி றேடியேற்றருக்குப் போகாமலே சுற்றிவரும். சூடு குறைவதற்குப் பதில் கூடும்.

விசிறியைத் தெரிவுசெய்தல்

இவ்வளவும் சரி, ஆனாலும் மணலில் ஊரும்போது முள் ஏறுகிறது என்றால் மேலதிக மின்விசிறி பொருத்தமான தீர்வு. எஞ்சினோடு வந்த விசிறியைக் கழற்றவேண்டாம். அது இருக்கட்டும், மின்விசிறி அதற்குத் துணை. இரண்டும் இருந்தால், காட்டுக்குள் ஒன்று பழுதானாலும் மற்றதோடு வீடு வந்து சேரலாம்.

எஞ்சின் பக்கம் பழைய விசிறி இருப்பதால், மேலதிக விசிறி றேடியேற்றருக்கு முன்னால்தான் வரும். ஆகவே காற்றை உள்ளே தள்ளும் வகை தேவை. பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் ஜப்பானியக் கார் விசிறிகள் பெரும்பாலும் றேடியேற்றருக்குப் பின்னாலிருந்து இழுக்கும் வகை. வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது உண்மை. ஆனால் இறக்கையின் வளைவு ஒருபக்கச் சுழற்சிக்கென்றே அமைக்கப்பட்டது. எதிராகச் சுற்றினால் காற்று வெகுவாகக் குறையும். ஏசி கொன்டென்சருக்கென முன்னால் பூட்டியிருந்த விசிறி கிடைத்தால் அதுவே பொருத்தம். பூட்டியபின் றேடியேற்றருக்குப் பின்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் எஞ்சின் பக்கமாக ஆடினால் திசை சரி. தவறான திசையில் சுற்றும் விசிறி, ஓடும்போது வரும் காற்றோடு மல்லுக்கட்டும். விசிறியே இல்லாத நிலையைவிட அது மோசம்.

அளவில் பேராசை வேண்டாம். முன்னால் நிற்கும் விசிறி, வேகமாக ஓடும்போது வரும் காற்றைக் கொஞ்சம் மறைக்கத்தான் செய்யும். ஒரு ஜீப்புக்கு 12 அங்குல விசிறி ஒன்றே பெரும்பாலும் போதும். அது ஏறத்தாழ 7 முதல் 12 அம்பியர் வரை எடுக்கும். 16 அங்குல விசிறி 20 அம்பியர் வரை போகும். சுழலத் தொடங்கும் கணத்தில் இரண்டு மூன்று மடங்கு கூட இழுக்கும்.

வாங்கும்முன் உங்கள் வாகனம் 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்று பாருங்கள். இசுசு எல்ஃப் லொறிகள், பழைய லான்ட் குறூசர் டீசல்கள் பலவற்றில் இரண்டு பற்றரி சேர்ந்த 24 வோல்ற் இணைப்பு இருக்கும். அதில் கார் விசிறியைக் கொடுத்தால் சில நிமிடத்தில் புகையும். இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுப்பதும் தவறு. அந்தப் பற்றரி எப்போதும் குறைந்தும் மற்றது அளவுக்கு மீறி ஏறியும் இரண்டும் கெட்டுப்போகும். 24 வோல்ற் விசிறி தேடுவதே வழி. 1960களின் சில பழைய லான்ட் றோவர்களில் பற்றரியின் நேர்முனையே ஏர்த் ஆக இருக்கும். அவற்றில் விசிறியின் இரு வயர்களையும் மாற்றிக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் திசை தலைகீழாகும்.

அந்த வயது ஜீப்களில் இன்னொரு சிக்கல் மின்சாரம். லூக்காஸ் சி40 வகை டைனமோ நன்றாகச் சுற்றும்போது தருவதே சுமார் 22 அம்பியர். மெதுவாகச் சுற்றும்போது ஏதும் தராது என்றே சொல்லலாம். இரண்டு ஹெட்லைற்களும் சேர்ந்து 9 அம்பியர் எடுக்கும். அதோடு விசிறிக்கு 10 அம்பியர், வைப்பர், ஹோர்ன். இரவு மழையில் மணலில் ஊர்ந்தால் பற்றரிதான் எல்லாவற்றையும் சுமக்கவேண்டிவரும். அத்தகைய வாகனத்துக்கு விசிறிக்கு முதல் அல்ரனேற்றர் தேவை.

பூட்டும் முறை

கடைகளில் விசிறியோடு தரும் பிளாஸ்ரிக் நாடாக்களை றேடியேற்றர் தகடுகளின் ஊடாகக் கோத்து இறுக்குவது சுலபம். தார்வீதியில் மட்டும் ஓடும் காருக்கு அது சரியாக இருக்கலாம். குண்டும் குழியுமான பாதையில் அதிரும்போது விசிறியின் முழு எடையும் மெல்லிய குழாய்களில் தொங்கி, சில மாதங்களில் ஓட்டை விழும். றேடியேற்றரின் பக்கச் சட்டங்களுக்குக் குறுக்கே இரண்டு இரும்புப் பட்டிகள் போட்டு, அவற்றில் விசிறியைப் பூட்டுங்கள். இடையில் பழைய ரியூப் றப்பர் துண்டுகளை வைத்தால் அதிர்வு குறையும்.

வயர் வேலையில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். டாஷ்போட்டில் ஒரு சிறிய ஸ்விச் வைத்து, முழு மின்னோட்டத்தையும் அதனூடாகவே விசிறிக்குக் கொடுத்தால் ஸ்விச் உருகும்; வயர் சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும். இடையில் 30 அல்லது 40 அம்பியர் றிலே ஒன்று கட்டாயம். ஸ்விச் ஊடாகப் போவது றிலேயை இழுக்கும் சிறு மின்னோட்டம் மட்டுமே, கால் அம்பியருக்கும் குறைவு. விசிறிக்கான மின்சாரம் பற்றரியிலிருந்து நேராக றிலேக்கு வரும்.

வழமையான றிலேயின் அடியில் நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30 ஆம் முனைக்குப் பற்றரியின் நேர்முனையிலிருந்து வரும் தடித்த வயர், 87 ஆம் முனையிலிருந்து விசிறிக்கு, 85 ஏர்த்துக்கு, 86 க்கு ஸ்விச் அல்லது வெப்ப ஸ்விச்சிலிருந்து வரும் மெல்லிய வயர். ஃபியூஸை பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். வழியில் எங்கே வயர் உரசினாலும் ஃபியூஸ் அதற்கு முன்னால் இருந்தால்தான் காப்பாற்றும். 10 அம்பியர் விசிறிக்கு 20 அம்பியர் ஃபியூஸ் பொருத்தம்.

வயரின் தடிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 15 அம்பியர் எடுக்கும் விசிறிக்குப் போகவும் வரவும் மொத்தம் 6 மீற்றர் வயர் என்று வைப்போம். வீட்டு மின்குமிழுக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் வழியிலேயே ஒரு வோல்ற் போய்விடும். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு 0.4 வோல்ற்தான். வோல்ற் குறைந்தால் வேகம் குறையும், காற்றும் குறையும். ஏர்த் வயரையும் அதே தடிப்பில், பெயின்ற் சுரண்டிய சுத்தமான உலோகத்தில் பூட்டி மேலே கிறீஸ் பூசிவிடுங்கள். கரையோர உப்புக்காற்றில் முதலில் பழுதாவது அந்த இடம்தான்.

விசிறியைத் தானாக இயக்கும் வெப்ப ஸ்விச் நல்லது, மறதிக்கு இடமில்லை. ஆனால் அதன் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தெர்மோஸ்ரற் 82 பாகையில் திறக்கும் எஞ்சினுக்கு, 92 பாகையில் இயங்கி 87 இல் நிற்கும் ஸ்விச் பொருந்தும். தெர்மோஸ்ரற் திறக்கும் அளவுக்குக் கீழே இயங்கும் ஸ்விச் போட்டால் விசிறி நிற்கவே நிற்காது. உணர்முனையை மேல் ஹோஸுக்குள் நுழைத்து கிளிப்பால் இறுக்கும் வகை அந்த இடத்தில் கசியத் தொடங்கும். தொட்டியில் திருகிப் பூட்டும் வகையே நம்பத்தக்கது. வெப்ப ஸ்விச்சின் வயரைச் சாவி இணைப்பிலிருந்து எடுங்கள். நேராகப் பற்றரியிலிருந்து எடுத்து அது ஒட்டிக்கொண்டால், 10 அம்பியர் விசிறி ஓர் இரவில் 70 அம்பியர்-மணி பற்றரியைக் காலி செய்துவிடும். விடியற்காலையில் நோயாளியை ஏற்றப் போகும் வாகனத்துக்கு அது நேரக்கூடாது.

வெப்ப ஸ்விச்சோடு கூடவே ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் விசிறியை முற்றாக நிறுத்தும் ஸ்விச் ஒன்றும் வேண்டும். மழைக்காலத்தில் குளங்கள் வான்பாயும்போது தாழ்வான பாலங்களின் மேலாக நீர் ஓடும். வட்டுவாகல் பாலம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். நீருக்குள் சுழலும் விசிறி இருமடங்கு மின்சாரம் இழுத்து ஃபியூஸை எரிக்கும். பிளாஸ்ரிக் இறக்கை வளைந்து பழுதாகவும் கூடும். இறங்கும்முன் நிறுத்தி, கரையேறி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். களப்பு நீரில் இறங்கிய வாகனமென்றால் அன்றைக்கே றேடியேற்றரையும் விசிறி மோட்டாரையும் நன்னீரால் கழுவவேண்டும். வெள்ளம் வேகமாகப் பாயும்போது விசிறி என்ன, வாகனமே நிற்காது. அப்போது காத்திருப்பதுதான் புத்தி.

வழியில் கொதித்துவிட்டால்

முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்துங்கள். கியரைக் குறைத்து, பாரத்தைக் குறைக்கப் பாருங்கள். தண்ணீர் இன்னும் இருக்கிறது, ஆவி வரவில்லை என்றால் எஞ்சினை உடனே நிறுத்தவேண்டாம். நிறுத்தினால் தண்ணீரோட்டம் நின்று, ஹெட்டுக்குள் இருக்கும் சூடு அங்கேயே தங்கி இன்னும் ஏறும். வாகனத்தை நியூற்றலில் நிறுத்தி, மின்விசிறியைப் போட்டு, எஞ்சினைச் சற்றே கூட்டி ஓடவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் முள் இறங்கவேண்டும். ஆவி பறக்கிறது, ஹோஸ் வெடித்துவிட்டது, தண்ணீர் ஒழுகுகிறது என்றால் உடனடியாக எஞ்சினை நிறுத்துங்கள். தண்ணீரில்லாமல் ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் ஹெட்டை வளைக்கும்.

மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் 110 பாகைத் தண்ணீர், மூடி தளர்ந்த கணமே ஆவியாகச் சீறும். முகமும் கையும் வெந்துவிடும். மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்க்கக்கூடிய அளவுக்கு ஆறும் வரை, அரை மணி நேரமானாலும் காத்திருங்கள். பிறகு தடித்த சாக்கைப் போட்டு, அரைத் திருகு திருகி, அழுத்தம் வெளியேறியபின் திறக்கலாம். சூடான எஞ்சினுக்குக் குளிர்ந்த தண்ணீரைச் சடுதியாக ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். இந்த நேரத்தில் மட்டும் எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். வீடு வந்ததும் வடித்துவிட்டு ஒழுங்கானதை நிரப்புங்கள். குளத்துத் தண்ணீரென்றால் துணியில் வடித்து ஊற்றினால் போதும்.

அடுத்த நாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்ராட் செய்து பாருங்கள். தொடர்ச்சியாகக் குமிழி வந்தால், ஸ்ராட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லுப்போல் இறுகினால், எஞ்சின் ஒயில் மூடியின் அடியில் பால்நிறப் பிசின் படிந்திருந்தால், கஸ்கெற் போய்விட்டது. அந்த வாகனத்தை அதற்கு மேல் ஓட்டாமல் ஹெட்டைக் கழற்றுங்கள். கழற்றிய ஹெட்டை லேத்தில் சமன் பார்க்காமல் புதிய கஸ்கெற்றைப் போட்டு மூட விடாதீர்கள்; வளைந்த ஹெட்டின் கீழ் புதிய கஸ்கெற்றும் நெடுநாள் நிற்காது.